மவுஸுக்கு மட்டும்தான் மவுசா?

'இவென்ட் என்றால் என்ன?' - இரண்டு மார்க் கேள்வி. ஜாவா படிக்கிற எல்லாரும் இதுக்கு ஒரே பதிலைத்தான் எழுதுவோம். கீயைத் தட்டினாலோ, மவுஸை அமுக்கினாலோ நடப்பது இவென்ட். அதைக் காத்திருந்து கேட்பது லிஸனர். கீ லிஸனரில் மூணு மெத்தட், மவுஸ் லிஸனரில் அஞ்சு மெத்தட். பஸ்ஸில் ஃபுட்போர்டு அடிச்சுக்கிட்டே மனப்பாடம் பண்ணிடலாம். லேப் எக்ஸாமில் ஒரு பட்டன், ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், 'ஹலோ வேர்ல்டு'... அவ்ளோதான். அவுட்புட் வந்தாச்சு, வீட்டுக்குக் கிளம்பலாம்!

எக்ஸ்டர்னல் கொஞ்சம் விவரமானவராக இருந்தால், "தட்டின எழுத்து ஸ்கிரீனுக்கு எப்படிப்பா வருது?" என்று கேட்பார். அதுக்கும் பதில் இருக்கு. கீயைத் தட்டியதும் கீபோர்டு ஒரு எண்ணை அனுப்பும். ஆபரேட்டிங் சிஸ்டம் அதை வாங்கி, எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதன் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தும். ரேஷன் கடை க்யூ மாதிரி. நம்ம புரோகிராம் அந்த க்யூவிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டு அனுப்பும். நாள் முழுக்க இதே வேலைதான்.

இந்த ரெண்டு பதிலையும் நான் சரியாகத்தான் எழுதினேன். ஆனால், க்யூவின் அந்தப் பக்கம் நிற்பது யாரு, அவங்க கை என்ன பண்ணிட்டிருக்கு என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்கலை. அதைக் கேட்டது எங்க ஊர் பெரிய மார்க்கெட்.

புதுச்சேரிக்காரங்களுக்கு அறிமுகம் வேண்டாம். வெளியூர்க்காரங்களுக்கு: நேரு வீதியில் இறங்கி, மல்லிகைப்பூ வாசனை, மீன் வாசனை, காய்ந்த மிளகாய் நெடி மூன்றும் ஒரே மூச்சில் வருகிற இடத்தில் திரும்பினால் அதுதான். பேர் குபேர் அங்காடி. 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர். ஆனால், யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது பெரிய மார்க்கெட்தான்.

அங்கே என் ஃப்ரெண்டோட மாமாவுக்கு மளிகைக் கடை. எங்க டீமுக்கு மினி புராஜெக்ட் வேணும், மாமாவுக்கு புதுசா ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் வேணும். பழசு, ஃபாக்ஸ்புரோவில் எழுதின கறுப்பு ஸ்கிரீன். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தப்போ யாரோ வந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தது. இப்போ அந்த கம்ப்யூட்டரே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருக்கு.

மாமா தெளிவாகச் சொல்லிட்டார். "கலர் கலரா இருக்கணும்டா. பருப்புன்னா பருப்பு படம், புளின்னா புளி படம். மவுஸ்ல க்ளிக் பண்ணா பில்லு வந்துடணும். இந்தக் கறுப்பு ஸ்கிரீனைப் பார்த்தா கடைக்கே களை இல்ல."

கல்லாவுக்குப் பக்கத்தில் பில் போடுற அக்கா ஒண்ணும் சொல்லலை. மாமா டீ குடிக்கப் போனதும்தான் கேட்டாங்க. "இன்னா தம்பி, மவுஸா? மவுஸ் புடிச்சா சீட்டை யாரு புடிப்பா?"

இடது கையில் சீட்டு, வலது கையில் நம்பர்

மறுநாள் ரெண்டு மணி நேரம் அந்த அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். கடைப் பையன்கள் பொருளைக் கட்டிவிட்டு, துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருகிறார்கள். அக்காவின் இடது கையில் அந்தச் சீட்டு. கட்டைவிரல் ஒவ்வொரு வரியாகக் கீழே நகருது. வலது கை, கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற நம்பர் பேடில். பொருளுக்கு ஒரு கோடு நம்பர், என்டர், எடை, என்டர். அறுநூறு பொருளின் நம்பரும் மனப்பாடம். கண்? அது சீட்டை விட்டு அசையவே இல்லை. ஸ்கிரீனை மொத்தம் ஒரு தடவைதான் பார்க்கிறாங்க... கடைசியில், டோட்டல் சொல்ல.

அப்போதான் எனக்குப் பொறி தட்டியது. மவுஸுக்குக் கை மட்டும் போதாது, கண்ணும் வேணும். அம்புக்குறி எங்கே இருக்குன்னு பார்த்தால்தான் நகர்த்த முடியும். கீபோர்டுக்கு விரல் போதும். அந்த அக்காவின் கண்ணுக்கு ஏற்கெனவே வேலை இருக்கு. இடது கைக்கும் வேலை இருக்கு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை!

"அட, ஒரு செகண்ட் தானே மச்சி... பழகிடுவாங்க" என்றான் டீமில் ஒருத்தன். சரி, கணக்கே போட்டுடுவோம் என்று உட்கார்ந்தோம். ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் என்று மூன்று பேர் 1980-லேயே இதுக்கு ஒரு வாய்ப்பாடு கொடுத்திருக்காங்க. கீபோர்டிலிருந்து கை மவுஸுக்குப் போக 0.4 விநாடி. குறி வைத்து அம்புக்குறியைக் கொண்டுபோக 1.1 விநாடி. பழகின விரல் ஒரு கீயைத் தட்ட 0.2 விநாடி, க்ளிக்குக்கும் அதையே வைத்துக்கொண்டோம். திரும்பக் கை கீபோர்டுக்கு வர இன்னொரு 0.4. ஆக, மவுஸ் பக்கம் ஒரு தடவை போய்வர 2.1 விநாடி. என்டர் தட்டினால் 0.2!

இருபது பொருள் உள்ள ஒரு சீட்டுக்கு, பொருளுக்கு ஒரு தடவை மவுஸ் தொட்டால் 42 விநாடி. என்டருக்கு 4 விநாடி. வித்தியாசம் 38. பொங்கலுக்கு முந்தின நாள், கல்லா முன்னால் இருபது பேர் நிற்கிறாங்க என்று வைங்க. கடைசி ஆள் கூடுதலாக 12 நிமிஷத்துக்கு மேல் காத்திருக்கணும். அப்போ கூட்டம் மவுஸைத் திட்டாது. "இந்தம்மா என்னா இவ்ளோ ஸ்லோவா போடுது?" என்றுதான் திட்டும். நாலு நாள் அப்படித் திட்டு விழுந்தால், மாமாவே வேற ஆள் தேட ஆரம்பிச்சுடுவார். பத்து வருஷத்துக்கு மேல் பழகின ஒரு கை, ஒரே வாரத்தில் 'ஸ்லோ' ஆகிடும். கை மாறியிருக்காது, சாஃப்ட்வேர்தான் மாறியிருக்கும்.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டே கீபோர்டை ஒழிக்கச் சொல்லலை பாஸ். 1968 டிசம்பர் 9-ம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் மவுஸை முதல் முறையாக ஊருக்குக் காட்டினாரே, அந்த மேடையில் அவர் வலது கையில் மவுஸ். இடது கையில் அஞ்சு கீ உள்ள ஒரு குட்டிப் பலகை. நடுவில் கீபோர்டு. ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை. கை எது சும்மா இருக்கு என்று பார்த்துத்தான் மனுஷன் யோசித்திருக்கார்.

'ஓகே' என்கிற வில்லன்

சரி, கீபோர்டுதான் என்று முடிவாகியது. என்டர் தட்டினால் அடுத்த பாக்ஸுக்குத் தாவணும், அவ்ளோதானே? இல்லை. அந்த அக்கா தட்டுற வேகத்தைப் பார்த்தால் கதையே வேற.

ஒரு பில் பிரின்ட் ஆகிக்கொண்டிருக்கும்போதே அடுத்த சீட்டின் முதல் ரெண்டு பொருளைத் தட்டி முடிச்சுடுறாங்க. கறுப்பு ஸ்கிரீன் அதைத் தாங்கியது. அந்தக் கால ஐ.பி.எம். பி.சி.யின் கீபோர்டு நினைவகத்தில் 15 தட்டு வரை தேங்கி நிற்கும். பதினாறாவதுக்குத்தான் 'பீப்' என்று கத்தும். இன்றைய ஜன்னல் சிஸ்டத்தில் க்யூ அதைவிடப் பெரிசு. ஆனால், நாம எழுதுற புரோகிராம் சில நேரம் அந்த க்யூவையே சொதப்பிடும்.

எப்படி? 'பில் சேவ் ஆகிவிட்டது - ஓகே' என்று நடுவில் ஒரு பெட்டி வருமே, அதுதான் வில்லன். லேப் ரெக்கார்டில் எல்லாரும் ஆசையாக வைக்கிற பெட்டி. அந்த நேரத்தில் அக்கா தட்டுற நம்பர் எல்லாம் பெட்டியிடம் போகும். பெட்டிக்கு நம்பர் என்றால் என்னவென்றே தெரியாது, முழுங்கிடும். அடுத்து தட்டுற என்டர், ஓகேவை அமுக்கிப் பெட்டியை மூடிடும். அக்கா ஸ்கிரீனைப் பார்க்கலை. பில்லில் முதல் பொருள் காணாமல் போச்சு! நாங்கள் எழுதியதில் பெட்டியே கிடையாது. ஸ்கிரீனின் அடியில் பச்சையாக ஒரு வரி வரும், தானாகப் போகும். பிரின்டர் வேலை தனி த்ரெட்டில். கீ க்யூ யாருக்காகவும் நிற்காது.

அடுத்தது, அழுத்திப் பிடிக்கிற கை. பில்லை முடிக்க எஃப்10 கீ. கோபத்தில் யாராவது அதை ஒரு நிமிஷம்... வேணாம், ஒரு விநாடி அழுத்திப் பிடிச்சாலே கம்ப்யூட்டருக்கு அது ஒரு தட்டு இல்லை. கீயை விடாமலே 'அமுக்கினார், அமுக்கினார், அமுக்கினார்' என்று வரிசையாக இவென்ட் வந்துகொண்டே இருக்கும். கேட்டதுக்கெல்லாம் பில் போட்டால் ஒரே சீட்டுக்கு பத்து பில். அதனால் கீயை விட்டுவிட்டு மறுபடி அமுக்கினால்தான் கணக்கு என்று ஒரு கொடி வைக்கணும்.

மாமாவுக்கு இதோட அண்ணன் வியாதி. எதைக் கண்டாலும் டபுள் க்ளிக்! விண்டோஸில் அரை விநாடிக்குள் ரெண்டு க்ளிக் விழுந்தால் அது டபுள் க்ளிக். ஆனால், சாதா பட்டனுக்கு அது ரெண்டு சிங்கிள் க்ளிக். அவர் 'பிரின்ட்'டைத் தொடும்போதெல்லாம் ரெண்டு பில் வராமல் இருக்க, முதல் க்ளிக்கிலேயே பட்டன் தூங்கிடும். அடுத்த பில் ஆரம்பிச்சால்தான் எழும்.

அப்புறம் பார்கோடு ஸ்கேனர். அதை ஏதோ தனி மெஷின் என்று நினைச்சிட்டிருந்தால் மாத்திக்கோங்க. பெரும்பாலான கடை ஸ்கேனர்கள் கம்ப்யூட்டரிடம், "நான் ஒரு கீபோர்டு" என்றுதான் சொல்லிக்கொள்ளும். கோட்டைப் படிச்சு, பதிமூணு எண்ணை மடமடவென்று தட்டி, கடைசியில் ஒரு என்டர். கர்சர் எடை பாக்ஸில் நிற்கிற நேரம் பார்த்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினீங்க... இந்தியாவில் பதிவான பார்கோடு 890 என்று ஆரம்பிக்கும்... போச்சு, எட்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் கோடி எல்லாம் தாண்டின எடையில் துவரம் பருப்பு! தப்பிக்க வழி, வேகம். மனுஷ விரலுக்கு நடுவில் இடைவெளி இருக்கும். ஸ்கேனர் மில்லிசெகண்ட் கணக்கில் கொட்டும். கொட்டுகிற வேகத்தைப் பார்த்து 'இது அக்கா இல்லை, மெஷின்' என்று பிரிச்சு, சரியான பாக்ஸுக்குத் திருப்பிவிடலாம்.

புள்ளி முதலில், எழுத்து அப்புறம்

ரெண்டாவது வாரம், அக்காவே ஒண்ணு கேட்டாங்க. "பொருள் பேரெல்லாம் இங்கிலீஷ்ல கீது. தமிழ்ல அடிச்சுத் தரட்டா? நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் தம்பி."

நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். 'தமிழ்99' போட்டுத் தரலாம் என்று எண்ணம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்து, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிர் எழுத்து இடது கை, மெய் எழுத்து வலது கை. அழகான லாஜிக். 'பருப்பு' வேணும்னா ப, ர, உ, ப, ப, உ. ஆறே தட்டு. ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தால் முன்னதுக்குப் புள்ளியை அதுவே வெச்சுடும்.

ஆனால், அக்காவின் விரலில் இருப்பது டைப்ரைட்டர். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழுக்காக வடிவமைத்த அந்த மெஷின் வழி வந்த பழக்கம். அதில் புள்ளிக் கீயைத் தட்டினால் காகிதம் நகராது. அதனால் முதலில் புள்ளி, அப்புறம் அதுக்கு அடியில் எழுத்து. கம்ப்யூட்டரில் இருக்கிற யூனிகோடு இதுக்கு நேர் எதிர்: முதலில் எழுத்து, பின்னால் புள்ளி. 'கொத்தமல்லி' அடிக்க அக்காவின் விரல் கொம்பு, க, கால் என்று போகும். யூனிகோடு, 'முதலில் க, அப்புறம் ஒகரக் குறி' என்று சேமிக்கும். கண்ணுக்குத் தெரிகிற வரிசை வேற, உள்ளே இருக்கிற வரிசை வேற. நடுவில் ஒருத்தர் உட்கார்ந்து, 'கொம்பு வந்திருக்கு, கொஞ்சம் பொறு, பின்னால் யார் வர்றாங்கன்னு பார்ப்போம்' என்று மாற்றித் தரணும்.

அந்த வேலையைச் செய்கிற தமிழ் தட்டச்சுச் செயலிகள் ரொம்ப நாளாகவே இருக்கு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கியவர். பழைய டைப்ரைட்டர் முறை உள்ள ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தோம். எங்க புரோகிராம் செய்ய வேண்டியது ஒண்ணுதான்: பெயர் பாக்ஸில் 'எந்தக் கீ அமுங்கியது' என்று கேட்காமல், 'எந்த எழுத்து வந்து சேர்ந்தது' என்று கேட்பது. கீ வேற, எழுத்து வேற!

இதை எங்க ஊர்க்காரங்களுக்கு விளக்குவது ஈஸி. புதுச்சேரியில் சொல்தா குடும்பம் ஏதாவது ஒண்ணு தெருவுக்குத் தெரு இருக்கும். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வருகிற பெரியப்பாவின் லேப்டாப்பை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. ஏ இருக்கிற இடத்தில் க்யூ, இசட் இருக்கிற இடத்தில் டபிள்யூ. மேல் வரிசையில் நம்பர் வேணும்னா ஷிஃப்ட் அமுக்கணும். கீயின் இடத்தை நம்பி எழுதின புரோகிராம் அங்கே பல்லை இளிச்சுடும்.

அக்கா ஒரே வாரத்தில், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில், அறுநூறு பெயரையும் தமிழில் அடிச்சு முடிச்சுட்டாங்க. பில்லில் முதல் தடவை 'கொத்தமல்லி' என்று வந்ததும் கிழிச்சுக் கையில் வெச்சுப் பார்த்தாங்க. "பரீட்சைக்கு அப்புறம் இப்பத்தான் தமிழ் அடிக்கிறேன்" என்றாங்க.

மாமா கேட்ட வரம்

எல்லாம் நல்லாப் போய்க்கிட்டிருந்தப்போ மாமா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "மாசக் கடைசியில கல்லா கொஞ்சம் இடிக்குதுடா. அந்தப் பொண்ணு என்னென்ன தட்டுதுன்னு ஒண்ணு விடாம பதிவு பண்ண முடியுமா? அதுக்குத் தெரிய வேணாம்."

முடியும். அதுதான் பிரச்னையே.

தமிழ் தட்டச்சுச் செயலி என்ன பண்ணுது? நாம தட்டுறது புரோகிராமுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால், நடுவழியில் வாங்கிப் பார்த்து, மாற்றி அனுப்புது. விண்டோஸில் இப்படி நடுவழியில் நிற்பதுக்கு 'ஹூக்' என்று ஒரு வழி இருக்கு. அதே ஹூக்கில் மாற்றாமல் திருட்டுத்தனமாக எழுதி வைத்தால், அதுக்குப் பேர் கீலாகர். பாஸ்வேர்டு திருடுகிற அதே சமாசாரம். 'பிளாக் இன்புட்' என்று இன்னொரு கட்டளை. ஒரே வரியில் மொத்தக் கீபோர்டையும் மவுஸையும் முடக்கிடலாம். அதையும் மீறி வேலை செய்வது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணும் சேர்ந்தால்தான். அந்தக் கதவை மட்டும் சாதாரண புரோகிராம் யாரும் அடைக்க முடியாதபடி விண்டோஸ் தன்னிடமே வெச்சிருக்கு.

மதிய நேரத்தில் அந்த கம்ப்யூட்டரில்தான் அக்கா தன் பையனுக்கு ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்புறாங்க. அந்த பாஸ்வேர்டும் எங்க ஃபைலில் விழும். ஃப்ரெண்டு மாமாவிடம் நேராகவே சொன்னான். "மாமா, அது தப்பு. ஆனா உங்க பயமும் நியாயம். வேற மாதிரி பண்ணித் தர்றோம்."

தட்டினதை எல்லாம் பதியலை. பில்லில் ஒரு வரியை அழித்தாலோ, விலையை மாற்றினாலோ, கல்லாவைத் திறந்தாலோ மட்டும் நேரத்தோடு ஒரு வரி. ராத்திரி கடை சாத்தும்போது அது துண்டுச் சீட்டாகப் பிரின்ட் ஆகும். ரெண்டு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அக்காவிடம் முதல் நாளே சொல்லிட்டோம். "போடு தம்பி. எனக்கும் அதான் நல்லது" என்றாங்க.

முதல் வாரச் சீட்டில் அதிகம் வந்த வரி எது தெரியுமா? பில்லே இல்லாமல் கல்லா திறந்தது! லோடுமேன் கூலி, டீ காசு, கோயில் நன்கொடை... எடுத்தவர் மாமாதான். அதை எழுத சாஃப்ட்வேரில் இடமே இல்லாமல் இருந்தது. எஃப்6 கீயில் 'பணம் எடுப்பு' என்று ஒண்ணு சேர்த்தோம். இப்போ கடையில் அதிகமாகத் தேயுற கீ அதுதான்!

படம் போட்ட ஸ்கிரீனும் இருக்கு, மாமா ஆசைக்காக. அக்கா லீவு போட்டால் அவர் உட்கார்ந்து, மவுஸில் பருப்பு படத்தைத் தேடிக் க்ளிக் பண்றார்... டபுள் க்ளிக்தான்.

உங்க மினி புராஜெக்டுக்கும் ஒரு சின்ன டெஸ்ட் சொல்றேன். சப்மிட் பண்றதுக்கு முந்தின நாள் மவுஸைக் கழற்றிப் பையில் போடுங்க. இடது கையில் ஒரு துண்டுச் சீட்டு, கண்ணை அதிலேயே வெச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால் உங்க புரோகிராமை அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாருங்க. எங்கே மாட்டிக்கிட்டு நிற்கிறீங்களோ, அங்கேயிருந்து கோடிங்கை ஆரம்பிங்க.